பக்கத்து இருக்கையின் பிரேக்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் இருவரும் சுகம், அதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லக் கூடாதா என்பாய், போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இந்த இரண்டு அறை வீட்டில் ரகசியம் பேச ஏது இடம். அவர் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிவரை நடந்தே போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். காலை பதினொரு மணி, நம் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் தையற்காரப் பெண்ணுக்கு ஏழாவது நாள் வகுப்பு. ஸ்டீயரிங் அவள் கையில், பக்கத்து இருக்கையில் அப்பா, அவர் காலடியில் அந்த இரண்டாவது பிரேக், சின்ன வயதில் நீ மிதித்து விளையாடி அடி வாங்கினாயே, அதேதான். மார்க்கெட் வளைவில் ஒரு பெரியவர் சைக்கிளில் குறுக்கே வந்திருக்கிறார், இவள் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். புதிதாகப் படிக்கிறவள் அப்படித்தான் செய்வாள், அதற்குத்தானே பக்கத்தில் ஓர் ஆள். அந்த ஆள் மிதிக்க வேண்டிய நேரத்தில் மிதிக்கவில்லை. பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, தலையில் படாமல் போனது யார் செய்த புண்ணியமோ. வந்த போலீஸ்காரர் அப்பாவிடமே ஓட்டப் படித்தவர், வணக்கம் மாஸ்டர் என்று கிட்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். அப்புறம் ஊதச் சொன்னார், கருவி காட்டிக்கொடுத்துவிட்டது.

வக்கீல் ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூச்சு வாங்க ஏறிப் போனோம். ஸ்டீயரிங் பிடிச்சவங்கதான் டிரைவர், பக்கத்துல உட்கார்ந்தவர் குடிச்சா என்ன குளிச்சா என்ன என்று சிரித்தார் மனுஷர். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் நிற்காதாம், மோதின கேஸ் அவள் பக்கம் திரும்பிவிடுமாம், கற்றுக்கொள்கிறவள்தானே, கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளாதாம். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், அந்தப் பொண்ணு மேல போட்டுடுங்கம்மா என்று. நான் சட்டென்று போனை வைத்தது கோபத்தில் என்று நினைத்திருப்பாய். கோபம் பாதி. மீதிப் பாதி மனசு, சரிதானே, அப்படியே செய்துவிடலாமே என்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரார் வீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், நம் வீட்டிலேயே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி ஏற்றும் வேனை ஓட்டுகிற வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அவள் மேல் கேஸ் விழுந்தால் லைசென்ஸும் கிடையாது, வேலையும் கிடையாது. இது வக்கீலுக்குத் தெரியாது, எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

கோர்ட் என்றால் நீ பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யாதே, நம் பழைய ரேஷன் கடை அளவுதான் அறை, கால் ஆடுகிற பெஞ்சு. குமாஸ்தாவும் அப்பாவின் பழைய மாணவர், இருமல் மருந்து குடிச்சேன்னு சொல்லிடுங்க மாஸ்டர் என்று காதில் ஓதிவிட்டுப் போனார், இந்த ஊரில் அப்பாவுக்கு வேண்டாதவர் யாரும் இல்லாததே தொல்லையாகிவிட்டது. நீதிபதி சின்ன வயதுப் பெண். வக்கீல் எழுந்து, வண்டியை ஓட்டியது என் கட்சிக்காரர் இல்லை என்று சொல்லிப் பின் பெஞ்சைக் காட்டினார். தையற்காரப் பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டாள். அவளுக்கு உதடெல்லாம் காய்ந்து கிடந்தது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு நீதிபதியிடம், அவங்க நான் சொன்னபடிதாம்மா ஓட்டினாங்க, நிறுத்த வேண்டியவன் நான், குடிச்சிருந்தேன், கால் எழும்பல என்று சொல்லிவிட்டார். வக்கீல் ஃபைலை மூடினார். அபராதம் போட்டார்கள், அப்பாவின் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு இல்லை, பின்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் டிரைவிங் ஸ்கூல் அனுமதியும் ரத்து. இனிமேல் எதை வைத்துப் பிழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை ராஜா. குடியை விட்டதிலிருந்து அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். அந்தப் பெண் ஒருநாள் வந்தாள், குள்ளமானவள், உயரமாக உட்கார தானே ஒரு மெத்தை தைத்து வண்டியில் வைத்திருந்தாள், அதை எடுத்துக்கொண்டாள், வேறு ஸ்கூலில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. கோர்ட்டில் எல்லோரையும் விசாரித்தார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா காலையிலேயே குடிக்கிறார் என்று எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். சண்டை போட்டேன், அழுதேன், பிறகு பிழைப்பு போய்விடுமே என்று பயந்து, தினம் சட்டைப் பையில் நாலு கிராம்பைக் காகிதத்தில் மடித்து வைத்து அனுப்பினேன், படிக்க வருகிறவர்களுக்கு வாடை தெரியக் கூடாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். விபத்து நடந்த அன்றைக்கு அவர் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு கிராம்பை மறந்துவிட்டார். வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது, நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். தையற்காரப் பெண் அழகாகப் பிரேக் போட்டு நிறுத்தினாள். நான் கிராம்பைக் கொடுத்துவிட்டு, போயிட்டு வாங்க என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாளை அவள் கடைக்குப் போய் இதைச் சொல்லப்போகிறேன், என்ன சொல்வாளோ, கேட்டுக்கொள்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமே பேசு, என் மூலமாகக் கேட்காதே, புத்தி சொல்லாதே, சாப்பிட்டீங்களா என்று கேள், போதும். இந்தக் கடிதத்தை மருமகளிடமும் கொடு. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நெடுநாள் நன்றாக இருங்கள்.

உன்,
அம்மா