என்ஜினைக் குளிப்பாட்டினேன்

புரட்டாசி 26, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

தங்கை வசந்தாவின் வீட்டுக்காரர் வந்து தாம்பூலம் வைத்து அழைத்துவிட்டுப் போனார். செவ்வாய், விஜயதசமி, திருவிடந்தைக் கோயிலில் அவர்கள் மகள் செல்விக்குக் காதுகுத்து. ஒன்பதுக்குள் முகூர்த்தம், அப்புறம் எமகண்டம்.

அப்பா அம்மா போன பிறகு வசந்தாவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். அவள் மாமியார் அதைக் குத்திக்காட்டாத நாளில்லை. தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினால் அந்த வாய் கொஞ்சம் அடங்கும். காரில் போய் இறங்கினால் நன்றாகவே அடங்கும்.

பஸ்ஸே போதும், நேரத்துக்கு வந்தால் சரி என்று வசந்தா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

கம்மல் வந்தாச்சு. பாக்கி: பட்டுப் பாவாடை, பூ, எ.பழம் (டயருக்கு), பெட்ரோல்.

புரட்டாசி 27, திங்கள். ஆயுத பூஜை

பள்ளி விடுமுறை. காலை முழுக்க வண்டியோடு. கமலாவோடு சேர்த்து மாமனார் என் தலையில் கட்டிய கிழட்டு வண்டி. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து ஷெட்டிலேயே தூக்கம். வாரம் ஒருமுறை கிளப்பி அணைப்பதோடு சரி.

வெளியே தேய்த்தேன். உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. பானெட்டைத் திறந்து குடம் குடமாக என்ஜின் தலையில் ஊற்றினேன். பளபளவென்று ஆனது. சந்தனம் குழைத்து அகப்பட்ட இடத்திலெல்லாம் அப்பி, குங்குமம் வைத்தேன். கமலா சிரித்தாள், மாப்பிள்ளை அழைப்புக்கா என்று.

மாலையில் ஒருதரம் கிளப்பிப் பார்க்க ஆசை. கமலா விடவில்லை. ஸ்பானர், சாவி எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் இருக்கிறது. பூஜையில் வைத்ததைப் புனர்பூஜைக்கு முன் தொடக்கூடாதாம். சரி என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசி 28, செவ்வாய். விஜயதசமி

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விடிவதற்குள் புனர்பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பாட்டரி? ஹாரன் நன்றாக அலறுகிறது. பெட்ரோல்? குழாயைக் கழற்றினால் வருகிறது. சோக் இழுத்தேன், தள்ளினேன். ஹாண்டில் போட்டுச் சுற்றியதில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பிளக் நாலையும் கழற்றித் துடைத்தேன். பொறி இல்லை.

எதிர் வீட்டு லாரி டிரைவர் முனுசாமி பல் குச்சியோடு வந்து நின்றார். "இன்னா வாத்யாரே, முதல் பஸ்ஸு பூட்ச்சே. அடுத்ததாவது புடி."

கமலாவும் அதையே சொன்னாள், கம்மல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு. பத்தே நிமிடம் என்றேன். அடுத்த பஸ்ஸும் தெருமுனையில் நின்று கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டும் நான் நிமிரவில்லை. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அப்புறம் கமலா கேட்டாள், "நேத்து அந்த மூடிமேலயும் தண்ணி ஊத்தினீங்களா?"

டிஸ்டிரிபியூட்டர் மூடி, நாலு பிளக்குக்கும் மின்சாரம் பிரிகிற இடம். கழற்றினேன். உள்ளே தண்ணீர், அதில் கரைந்த குங்குமம். தண்ணீர் பட்டால் மின்சாரம் எங்கே ஓடும் என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வேட்டி முனையால் துடைத்து மாட்டினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம், எங்கும் நிறுத்தவில்லை. திருவிடந்தையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வசந்தாவின் பக்கத்து வீட்டு ஏழுமலையை அண்ணன் முறை சொல்லி உட்காரவைத்து, அவர் மடியில் குத்திவிட்டார்கள். காதில் யாரோ கொடுத்த கம்மல்.

மாமியார் ஒன்றும் திட்டவில்லை. "மாமன் காருல வந்துகீறாரு, எல போடுங்க" என்றார் எல்லாரும் கேட்க. வசந்தா கொடிமரத்துப் பக்கம் திரும்பி நின்றாள்.

பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, "நான் காரா கேட்டேன்? உன் மடியத்தானேண்ணா கேட்டேன்."

சாப்பிடவில்லை. கம்மலையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

ஐப்பசி 2, ஞாயிறு

மழை. கமலா காய்ச்சலில் படுத்திருக்கிறாள். நான் மட்டும் முதல் பஸ்ஸில் திருவிடந்தை. குடை இருந்தும் முழுக்க நனைந்தேன்.

வசந்தா கதவைத் திறந்தாள். முகம் கொடுத்துப் பேசினாள், துண்டு எடுத்துக் கொடுத்தாள். அதுவே பெரிது. கம்மலை மறுபடி நீட்டினேன். பார்க்கலாம் என்றாள். கோபமாகவே இருந்திருக்கலாம் இவள்.

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். மூன்று வயது. காதில் மஞ்சள் தடவி, இன்னும் வீக்கம்.

"யாரு வந்துகீறாங்க பாரு, மாமாடி," என்றாள் வசந்தா.

குழந்தை முகமெல்லாம் சிரிப்பு. என்னைத் தாண்டி, மழையில் இறங்கி, ஏழுமலை வீட்டு வாசலுக்கு ஓடினாள்.