கோட்டைக்கல் என்று நான் பெயர் வைத்த பொறை

அக்டோபர் 3, 1955
சதுரங்கப்பட்டினத்தின் தையல் சக்கரவர்த்தியாகிய ரஹ்மத்துல்லா (நான்தான்) இன்று கோதண்டராமன் டீக்கடையில் ஆற்றிய பேருரையைப் பதிவு செய்கிறேன். சபையில் நாற்பதாயிரம் பேர். (சரி, ஒன்பது பேர். அதில் ஒருவர் தூக்கத்தில்.) பெஞ்சு ஆடியது. மிஞ்சின ரொட்டியை மறுபடி மொறுமொறுவென்று சுட்டெடுப்பதுதான் பொறை; என் மச்சான் ஜெயினுலாபுதீன் சுட்டது ஒன்றை எடுத்துப் பெஞ்சுக்காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது. "டச்சுக்காரன் மட்டும் நம்மூரு கோட்டைய இந்தப் பொறையால கட்டியிருந்தான்னா, எந்த பீரங்கி வந்தாலும் பல்லு ஒடைஞ்சி திரும்பியிருக்கும்!" என்றேன். சிரிப்பில் கூரை பறந்தது. தங்கை புருஷன்தானே, கோபித்துக்கொண்டு எங்கே போய்விடுவார்?

அக்டோபர் 10
பொறைக்குக் 'கோட்டைக்கல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கடற்கரையில் வலை இழுப்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். கோதண்டராமன் இனிமேல் பட்டணத்திலிருந்து வேனில் வரும் ரொட்டிதான் கடையில் வைப்பாராம். துண்டு போட்டு, மெழுகுக் காகிதம் சுற்றி வருகிறது. தின்று பார்த்தேன். மேகத்தைக் கடித்தது போல இருந்தது. பசியும் அப்படியே இருந்தது.

அக்டோபர் 21
மச்சான் ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டார்.
தினமும் எட்டுத் தட்டு ரொட்டி வெந்தால்தான் அந்தச் செங்கல் அடுப்புக்குச் சவுக்குக் கட்டை போட்டுக் கட்டுபடியாகும். டீக்கடை வாங்காமல் எட்டுத் தட்டு ஏது? நான் போய், "எல்லாரும் சிரிச்சாங்க, அவ்ளோதானே?" என்றேன். தங்கை ஹபீபா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.
"சிரிச்சாங்கண்ணே. சிரிச்சிட்டு வேற ரொட்டிக்குப் பூட்டாங்க."
இன்று முழுவதும் நான் ஒரு புளுகுகூட விடவில்லை. சரித்திரத்தில் முதல் முறை.

அக்டோபர் 30
மழை. கடல் எழுந்து நின்று ஊர் மேல் சாய்கிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம். திருக்கழுக்குன்றத்து விவசாயி அருணகிரிக்குப் பதினோரு சட்டை. அது குடும்பமா, படையா? வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துச் சுருங்க வைப்பது என் ராஜநீதி. இல்லாவிட்டால் முதல் வெளுப்பிலேயே அப்பன் சட்டை மகனுக்குப் போய்விடும். முப்பது கெஜத்தையும் நனைத்தேன், பிழிந்தேன், தோளில் போட்டேன். மழைக்காலத்தில் வழக்கமாகச் செய்வது போல, காயப்போட நேரே மச்சானின் அடுப்பறைக்குப் போனேன்.
அடுப்பு ஜில்லென்று இருந்தது.
ஈரத் துணியோடு அங்கே எவ்வளவு நேரம் நின்றேன்? தெரியவில்லை.

நவம்பர் 2
துணி நாற ஆரம்பித்துவிட்டது. கருவாட்டுக்காரி செங்கம்மாள் தெருவிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா பேசி வச்ச நீ? இந்த மழையில என் கருவாடு எங்க காயும், உன் தலையிலியா?" அவளுக்குக் கருவாடு, பக்கத்து வீட்டுக்கு மிளகாய், எனக்குத் துணி. மழைக்காலம் முழுக்க இந்தத் தெருவுக்கு மச்சானின் அடுப்புதான் வெயில். யாரிடமும் அவர் ஒன்றும் கேட்டதில்லை. அதனாலேயே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை — நான் உட்பட.

நவம்பர் 4
மச்சான் பட்டணத்தில், பெரம்பூர் ரொட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டுவிட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.
"ஒரே ஒரு நாள் மூட்டு மச்சான்" என்றேன்.
"மூட்டறேன். எட்டுத் தட்டு பன்னை யாரு துன்றது? உன் சட்டையா?"
தங்கை மகள் உம்மு சல்மா, "மாமா, பட்டணத்துல எனக்கு யாரு பாவாடை தைப்பாங்க?" என்றாள்.
 

நவம்பர் 5
சக்கரவர்த்தி அதே பெஞ்சின் மேல் ஏறினான். "அந்தப் பொறைய டீயில தோய்க்காம நான் கிண்டல் பண்ணேன். தப்பு பொறை மேல இல்ல, என் வாய் மேல! அந்த அடுப்பு போச்சுன்னா நம்ம தெருவே பூஞ்சக்காளான்!"
"வாயால போன யாவாரத்த வாயாலயே கொண்டு வா அண்ணாத்த" என்றார் கோதண்டராமன். பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார். வேன் ரொட்டியில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. "மிச்சம் ஆனா வேன்காரன் திருப்பி எடுக்க மாட்டேன்றான். முன்னல்லாம் ஜெயினு பாய் மிச்சத்த அன்னன்னிக்கே எடுத்துகினு போயி, பொறையா சுட்டு எடுத்தாருவாரு... அஞ்சு தட்டு எனக்கு."
மீதி மூன்று தட்டு? மூன்று லட்சம் வீட்டுக் கதவைத் தட்டினேன். "எங்க வூட்டுக்கு டெய்லி நாலு பன்னு" என்று முதலில் சொன்னவள் செங்கம்மாள். வசவோடுதான்.

நவம்பர் 6
புகை வருகிறது! நான் அழவில்லை. புகை.

நவம்பர் 12
அருணகிரி சட்டைகளை முகர்ந்து பார்த்தார். "இன்னாய்யா, சொக்காயில பன்னு வாசன வருது? புள்ளைங்க கடிச்சி வச்சிடப் போவுது." போகிற வழியில் மச்சானிடம் பன்னிரண்டு பன் வாங்கிக்கொண்டு போனாராம்.

நவம்பர் 13
வெள்ளிக்கிழமை போய்விட்டது. அவர்கள் போகவில்லை.

நவம்பர் 27
பெஞ்சு மறுபடி ஆடியது. சபையில் ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். பன் தட்டோடு வாசலில் மச்சான்.
"இன்னா மச்சான், கல்லு வோணுமா?"
அவர் நீட்டிய பொறையை வாங்கி, டீயில் தோய்த்துத் தின்றேன். மூலையில் கிடந்த பட்டணத்து மெழுகுக் காகிதத்தை எட்டாக மடித்துப் பெஞ்சுக்காலுக்கு அடியில் வைத்தேன்.
ஆட்டம் நின்றது.