மூடி கழற்றாத கார்டு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், மகளின் ஹேர் ட்ரையரை எடுத்துப் பழைய லேப்டாப்பின் பக்கவாட்டுச் சல்லடைக்குள் ஊதினேன். கம்பளித் துணி போல ஒரு தூசிப் பட்டை வந்து விழுந்தது. இத்தனை நாள் இதைத்தான் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தது, பாவம்.

ஊதி என்ன பயன்? நேற்று மாலை கேப்டனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் ஓடும்போது திரை அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது இருவரும் செத்துக் கிடந்தோம். அந்த விளையாட்டில் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மற்ற மூவரும் சுடுவார்கள். அடிபட்டு விழுந்தவர்களை இழுத்து வந்து எழுப்புவது என் வேலை. அதனால் அவர்களுக்கு நான் டாக்டர். கேப்டன் மரியாதையாகத்தான் சொன்னான்: "டாக்டர், மெஷினை மாத்துங்க. இல்லேன்னா நாங்க வேற டாக்டரைத்தான் தேடணும்."

இந்த வீட்டில் யாரும் என்னை இவ்வளவு தேவைப்பட்டு மிரட்டியதில்லை.

வாங்கப் போகிறேன். புதிதாக, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து. குறைந்த விலையில் எது எதோடு பொருந்தும் என்று மாதக்கணக்கில் படித்து வைத்திருக்கிறேன். என் சம்பளம், என் கம்ப்யூட்டர்.

ஜூன் 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார், "யாருக்கு?"

"எனக்கு."

"ஆபீஸ் வேலைக்கா?"

"விளையாட."

அப்போதுதான் பேப்பரை மடித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை கார் ஓட்டப் போகிறேன் என்றால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அதற்குக் கெட்ட சிரிப்பே தேவலை. மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "கிரிஞ்ச்மா" என்றாள். பத்தொன்பது வயதில் அவளுக்குத் தெரிந்த விமர்சனம் அது ஒன்றுதான்.

கடைசியில் இவர் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தார். "எதுக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

அவன் என்றால் இவருடைய தம்பி. நான் மனதுக்குள் வைத்த பெயர் மேதை. பிளக் வைத்த எந்தப் பொருளும் மேதையின் அனுமதி இல்லாமல் இந்தக் குடும்பத்துக்குள் நுழையாது. குளியலறைக் கதவுக்குள் நுழையாத வாஷிங் மெஷின் அவன் தேர்வு. அதற்காகக் கதவை அறுத்தோம். சுவரில் இடித்து, முக்கால்வாசிக்கு மேல் திறக்காத ஃபிரிட்ஜும் அவன் தேர்வுதான். முட்டை எடுக்க நான் கையை வளைக்கும் விதத்தைப் பார்த்தால் எலும்பு டாக்டரே பயந்துவிடுவார்.

ஜூன் 8, ஞாயிறு

மேதை வந்தான். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். படித்தான் என்பது மரியாதைக்கு. சாப்பாட்டு விலைப்பட்டியலைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே ஒரு பார்வை.

பிராசஸர் சரியாம். கிராஃபிக்ஸ் கார்டு "ஓவர்" ஆம். படத்தை வரைந்து தள்ளுவதே அந்தக் கார்டுதான், மொத்தப் பணத்தில் பாதி அதற்குப் போவதுதான் முறை என்றேன். அவன் இவரைப் பார்த்துச் சிரித்தான், என்னைப் பார்த்து அல்ல. பிறகு பவர் சப்ளைக்கு வந்தான்.

"அண்ணி, இது கரண்ட் கொடுக்கிற டப்பா. இதுக்குப் போய் யாராவது நல்ல கம்பெனி பாப்பாங்களா? கேபினெட்டைப் பாருங்க. கண்ணாடி வெச்சது. உள்ள கலர் கலரா லைட் எரியும். ஹாலுக்கே ஒரு களை வரும்."

ஹாலுக்கு யார் வாங்குகிறார்கள்?

கேட்கவில்லை. டீ போட எழுந்து போனேன். நினைக்க நினைக்க என் மேல்தான் எரிச்சல். எக்ஸ்ரே அறையில் நான் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் மாடு மாதிரி இருக்கிற ஆளும் பிடித்துக்கொண்டு நிற்கிறான், "விடுங்க" என்று சொல்லும்வரை. ஒரு கட்டடத்தையே விற்றாலும் வாங்க முடியாத மெஷினை அங்கே என்னை நம்பி விட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்த அதிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேனா?

ஜூன் 14, சனி

கடை. மேதை முன்னால், இவர் அவன் பின்னால், நான் பையோடு.

கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது இவருக்கு. ரேம் ஒரே பட்டையாகவா, இரண்டாகவா என்று நான் கேட்டால், "சார், ரெண்டா போட்டுக்கிட்டா ஸ்பீடு நல்லா இருக்கும் சார்" என்கிறார் இவரிடம். இவரும் தீவிரமாகத் தலையாட்டினார். ரேம் என்றால் ஆடா மாடா என்று தெரியாத மனிதர்.

கண்ணாடிக் கேபினெட்டை விட்டுக்கொடுத்தேன். வேண்டுமென்றே. அண்ணனும் தம்பியும் அதில் எரியும் விளக்கின் நிறத்தை ரிமோட்டால் மாற்றிப் பார்த்து வாயைப் பிளந்து நின்ற நேரத்தில், கவுண்டரில் மலிவு டப்பாவை நீக்கச் சொல்லிவிட்டு நல்ல பவர் சப்ளையையும் நான் முதலில் சொன்ன கார்டையும் வைக்கச் சொன்னேன்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா மேடம்?"

"கேளுங்க. ஆனா பணம் சார் தரல."

அவர் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்ன சந்தோஷத்தில் வீடு வரைக்கும் பை கனக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மேதை பூட்டினான். ஹாலில் பெட்ஷீட் விரித்து, ஆபரேஷன் மாதிரி. நான் திருகாணியைத் தொட்டால்கூட, "விடுங்க அண்ணி, ஷாக் அடிக்கும்." பிளக் சொருகவே இல்லை. எங்கிருந்து அடிக்கும்?

கடைசி வயரை மாட்டிவிட்டு, கேபினெட்டின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, பட்டனை அழுத்தினான். விளக்குகள் எரிந்தன. திரையும் வந்தது. இவர் கை தட்டினார்.

விளையாட்டைப் போட்டேன். பழைய லேப்டாப்பே தேவலை. என் ஆள் ஒரு காலைத் தூக்கினால் மறு காலை வைக்க யோசிக்கிறாள். புல்தரை பச்சைப் பெயின்ட் கொட்டியது போல.

மேதை பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான், "இந்த பட்ஜெட்டுக்கு இவ்வளவுதான் அண்ணி வரும்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் இவர். எப்போது, எதைச் சொன்னார்?

ஹாலுக்கு லாயக்கில்லை என்று துணி தேய்க்கும் சின்ன அறைக்குத் தள்ளிவிட்டார்கள். மெஷினையும், கூடவே என்னையும்.

ஜூன் 16, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு. நான்தான் தப்பா வாங்கிட்டேனா?

ஜூன் 17, செவ்வாய்

காலை ஷிஃப்ட். மதியம் வீட்டில் யாரும் இல்லை. யோசித்துப் பார்த்தேன்: படம் மங்கலாக வந்தால் நான் மெஷினைத் திட்டுவதில்லை, ஆள் சரியாக நிற்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். கேபினெட்டைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினேன்.

உட்கார்ந்து சிரித்தேன். தனியாக, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

மானிட்டர் வயரை மதர்போர்டின் சாக்கெட்டில் சொருகியிருக்கிறான் மேதை. பிராசஸருக்குள்ளேயே பேருக்கு ஒரு படம் காட்டும் திறமை உண்டு. கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க அது போதும். அதனால் திரை வந்துவிட்டது. அதற்கு நேர் கீழே, நான் சண்டை போட்டு வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் சாக்கெட்டுகளில் தூசிக்காகப் போட்டு வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக்கூட அவன் கழற்றவில்லை. விருந்தாளியை வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, வரவேயில்லை என்று சொன்னது போல.

ஒரு மூடியைக் கழற்றி, வயரை மாற்றிச் சொருகினேன்.

புல். தனித்தனிப் புல். காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின் பக்கம் வெளிறித் தெரிகிறது. கொஞ்ச நேரம் யாரையும் காப்பாற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேப்டனை இரண்டு தரம் எழுப்பினேன். "டாக்டர், இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?" என்றான்.

இவர் வரும் நேரமானதும் வயரைப் பழையபடி மதர்போர்டிலேயே சொருகி, மூடியையும் போட்டு, கேபினெட்டைச் சுவரோடு தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை மேதை வருவான். எல்லோரும் இருப்பார்கள். அப்போது நான் கழற்றுவேன் அந்த மூடியை, மெதுவாக.

ஜூன் 19, வியாழன்

சொல்லப் போகும் வாக்கியத்தை எக்ஸ்ரே அறையில் ஒத்திகை பார்க்கிறேன். "தம்பி, கார்டுக்குப் பூட்டிய மூடியைத் திறந்தா இன்னும் நல்லா வேலை செய்யுமாம்." கொஞ்சம் நீளம். சுருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். மகள் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "வேஸ்ட்மா இது" என்று எழுந்து போய்விட்டாள். இவர் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. தினமும் மதியம் வயரை மாற்றுகிறேன், விளையாடி முடித்ததும் திருப்பி மாட்டுகிறேன், கேஸை அணைத்துவிட்டு வருவது போல. கல்யாணமான நாளிலிருந்து ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரும் தட்டவில்லை என்றால் அது இந்த வாரம்தான்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தவன் சும்மா வரவில்லை. "நல்ல கார்டு இதுல வேஸ்ட் அண்ணி. கழட்டிக் குடுங்க, என் சிஸ்டத்துல போட்டுக்கறேன்." இவர், "எடுத்துக்கோடா, அதுக்கென்ன" என்றார். யார் வீட்டுப் பொருளை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்!

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. முதலில் அவன் கேபினெட்டைத் திருப்பட்டும் என்று காத்திருந்தேன்.

திருப்பினான். குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பின்கழுத்து சிவந்தது. காசை விழுங்கிவிட்டு, விழுங்கவில்லை என்று சாதிக்கும் முகங்களைப் படம் பிடிப்பதும் என் தொழில்தான். அதே முகத்தோடு என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதுகால் மறைத்துக்கொண்டு வயரை மாற்றினான். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சின்ன செட்டிங்தான் அண்ணி. சரி பண்ணிட்டேன்."

விளையாட்டைப் போட்டுக் காட்டினான். புல் அசைந்தது. மகள் ஓடி வந்தாள். இவர் என் தோளைத் தட்டி, "பாத்தியா? அவன் கை பட்டாப் போதும்" என்றார்.

வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். எந்தப் படத்திலும் தெரியாது.

பிறகு ஆரம்பித்தது. இதைப் போய் அந்த மூலையில் வைப்பார்களா, ஹாலுக்குக் கொண்டு வரலாம் என்றார் இவர். மேட்ச் பார்க்கலாம். மகள் தோழிகளைக் கூப்பிடலாம். மேதை ஞாயிறுதோறும் வந்து "டெஸ்ட்" பண்ணுவானாம். அதற்கு அடுத்த வாரமே புது மேசை வாங்குவதாக முடிவு. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க மறந்ததுகூட இல்லை. கேட்க ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை.

ஜூன் 23, திங்கள்

மதியம் வந்தால் மகள் உட்கார்ந்திருக்கிறாள், காதில் ஹெட்போன். "அஞ்சு நிமிஷம்மா." நாற்காலியின் உயரத்தைக்கூட மாற்றியிருக்கிறாள். மேசைமேல் பிஸ்கட் தூள்.

அந்த அஞ்சு நிமிஷம் இவர் ஆபீஸிலிருந்து வரும்வரை நீண்டது. அதற்குப் பிறகு இவர் உட்கார்ந்தார், பழைய மேட்ச் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்க. இதற்கா அந்தக் கார்டு? நான் இல்லாமல் மூன்று பேராக இறங்கிச் செத்ததாகக் கேப்டன் செய்தி அனுப்பியிருந்தான்: "டாக்டர், நாளைக்காவது டியூட்டிக்கு வருவீங்களா?"

ஜூன் 24, செவ்வாய்

இன்று முழுக்க இதையே யோசித்தேன்.

உண்மையைச் சொல்லலாம். மேதை அசடு வழிவான். ஒரு மாலை நேரம் எனக்கு இனிக்கும். இவர், "ஏதோ அவசரத்துல மாத்தி மாட்டியிருப்பான், அதுக்கு என்ன இப்போ" என்பார். மெஷின் ஹாலுக்குப் போகும். ஞாயிறுதோறும் அவனும் வருவான்.

சண்டை போடலாம். இது என்னுடையது என்று. போட்டால் கிடைக்கும், கிடைக்காது என்றில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நான் உட்காரும்போதும் வீடே பெருந்தன்மையோடு ஒதுங்கி நிற்கும். "அம்மா விளையாடறா, சத்தம் போடாதீங்க." அந்தச் சிரிப்போடு. அது எனக்கு வேண்டாம்.

இவர்களைக் கேவலமாக நினைத்து நினைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நினைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால் எனக்கு என்ன கிடைத்தது? ஒரு வாரம் கிடைத்தது. அதுவும் என்னால் அல்ல, அவன் முட்டாள்தனத்தால்.

நாளை எனக்கு மாலை ஷிஃப்ட். காலையில் இவரும் மகளும் கிளம்பிப் போனதும் கேபினெட்டைத் திருப்பி, வயரை அவன் முதலில் மாட்டிய சாக்கெட்டிலேயே மாட்டிவிடப் போகிறேன். நான் விளையாடும்போது மட்டும் கார்டுக்கு. மற்ற நேரமெல்லாம் அங்கே. சாயங்காலம் மகள் "வேஸ்ட்" என்று எழுந்து போவாள். ஞாயிறு மேதையைக் கூப்பிடுவார்கள். குனிந்து பார்ப்பான். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டுமென்றால், போன ஞாயிறு என்ன 'செட்டிங்' செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பி மாட்டினாலும் மாட்டட்டும். திங்கட்கிழமை நானும் இருக்கிறேன். எத்தனை ஞாயிறு வந்து சரி செய்வான்? தன் கை பட்டாலும் சரியாகாத மெஷின் என்று அவனே ஒரு நாள் சொல்வான். அப்புறம் அது ஹாலுக்கு எதற்கு?

கார்டின் அந்த மூடி மட்டும் அவன் பையோடு போய்விட்டது. பரவாயில்லை. பக்கத்து சாக்கெட்டில் இன்னொன்று இருக்கிறது. அதைக் கழற்றி இதற்குப் போட்டுவிடலாம். அவன் குனிந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.