படத்தில் பிழைத்த பிள்ளை

ஜூலை 19, சனி

அண்ணனோடு தென்காசியில் அந்த சூப்பர் ஹீரோ படம் பார்த்தேன். சின்ன வயதில் நாங்கள் இருவரும் தாள் கிழியும்வரை படித்த காமிக்ஸ் கதைதான். புத்தகத்தில் பாலம் இடியும்போது நாயகன் எல்லோரையும் கரைசேர்ப்பான்; ஒரு சிறுமியின் கை மட்டும் நழுவிவிடும். கடைசிப் பக்கத்தில் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பான். வசனமே கிடையாது. படத்தில் அவளையும் காப்பாற்றிவிட்டார்கள்.

வெளியே வந்ததும், "கதையையே கெடுத்துட்டாங்க அண்ணே. புத்தகத்துக்குக் கிட்டகூட வரல," என்றேன்.

அண்ணன் ஹெல்மெட்டை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். "ஏட்டி, எனக்குப் படம்தான் பிடிச்சிருக்கு. அந்தப் பிள்ளை பொழச்சுட்டுல்லா," என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் போலீஸ்; குற்றாலத்தில் அருவிக்கரைப் பணி. போன சீசனில் திடீரென்று வெள்ளம் வந்தபோது, அவன் பிடித்திருந்த ஒரு கல்லூரி மாணவனின் கை நழுவிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் அவன் பேசியதே இல்லை.

"இன்னொருக்கா பாப்பமா?" என்று கேட்டான். சரி என்றேன். நாளை மதியக் காட்சிக்குப் போகிறோம்.

எனக்கு இப்போதும் புத்தகம்தான் உயர்த்தி. அவனிடம் அதைச் சொல்லப்போவதில்லை.