மூன்று படத்திலும் ஒரே புள்ளி

அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

இங்கே குழாய் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் ஃபிலிமில் கறுப்பாக விழும். எந்த இணைப்பு என்று தெரியப் பக்கத்தில் வைக்கும் ஈய எண்ணும் விழும். படத்தைப் பார்த்துத் தேறுமா என்று சொல்வது என் வேலை. போன வாரம் மூன்று இணைப்புகளின் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே சின்னப் புள்ளி.

"எல்லாத்துலயும் சந்தேகமா உனக்கு?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"ரெண்டு வெல்டிங் அச்சு அசலா ஒண்ணா இருக்காது சார்."

மறுபடி எடுக்க வைத்தேன். நல்ல இணைப்பு ஒன்றையே மூன்று முறை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மற்றதில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. இப்போது யாரும் என்னை டீக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

ஃபிலிம் பார்க்கும் லென்ஸைத் துடைக்க அம்மாவின் பழைய சேலையில் கொஞ்சம் கிழித்து அனுப்புங்கள்.

நீங்கள் மாதம் ஒன்றாக அனுப்பிய அம்மாவின் மூன்று படங்களையும் அந்த லென்ஸில் பார்த்தேன். பின்னால் கொடியில் அதே துண்டு, அதே மடிப்பு. சேலையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. மறுபடி ஒரு படம் எடுங்கள் அப்பா. அம்மா படுத்திருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மகன்