பாய் தின்னாத பரோட்டா

பாய், முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். உன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை நான் திருப்பித் தரவே இல்லை. நீ போன பிறகு உன் வூட்டம்மா கேட்டதற்கு, கடையில் எங்காவது கிடக்கும் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமும் அதில் என் வூட்டில் கருவாடு போட்டு வைத்திருந்தோம். போன வாரம் புளி போட்டுத் தேய்த்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். கருவாட்டு வாடைக்கு அடியிலிருந்து உன் கேழ்வரகு அடை வாசனை வந்தது. வருவதற்கு வழியே இல்லை. ஆனாலும் வந்தது.

என் எழுத்து மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். நீ எப்படியும் படிக்கப் போவதில்லை, அதனால் பரவாயில்லை.

அரூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் நீ பரோட்டா மாஸ்டர், நான் டீ மாஸ்டர். அரிசி கிடைக்காமல் ஊரே ரேஷன் கோதுமையைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. உனக்கோ கோதுமை ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் வயிறு உப்பி, ரெண்டு நாள் எழுந்திருக்க மாட்டாய். நாள் முழுக்க மைதாவை இழுத்து வீசிப் போடுகிறவன், வூட்டிலிருந்து வந்த போசியைத் திறந்து வைத்துத் தனியாக உட்கார்ந்து தின்பாய். உன் வூட்டம்மா தீர்த்தமலைக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி வைத்துச் சாமை வாங்கும். ஊரெல்லாம் சப்பாத்தி என்றால் உனக்குச் சோள ரொட்டி. நோன்பு மாசத்தில் மற்றவர்களுக்குச் சமோசா. உனக்குக் கேழ்வரகு மாவில் கொழுக்கட்டை பிடித்து உள்ளே கறி வைத்திருக்கும். அதில் பாதியை நான் திருடித் தின்றுவிடுவேன்.

"எடுக்காதய்யா, எனக்கு வேற சோறு கெடையாது" என்பாய்.

"கல்லு நெறைய பரோட்டா கெடக்குது, எடுத்துத் தின்னேன்" என்பேன்.

நம் கடையில் டீ குடிக்க இறங்குகிற சேலம் பஸ் கண்டக்டர் ஒரு நாள் கேட்டார்: "மாஸ்டர் ஏன் தன் பரோட்டாவைத் தின்ன மாட்டேங்கறாரு?"

நான் வாயை மூடிக்கொண்டு டீ ஆற்றியிருக்கலாம். "உள்ள என்ன போடறாருன்னு அவருக்குத்தானுங்களே தெரியும்!" என்றேன். கடையே சிரித்தது. புருவமெல்லாம் மாவோடு நீயும் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு பஸ் ஏறிப் போய்விட்டது. கம்பைநல்லூரிலிருந்து வந்தவர்கள் கூட, "பாயே தின்னாத கடை இதானா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒரு மாசத்தில் சாயங்காலக் கூட்டம் பாதியாகிவிட்டது. முதலாளி வந்து நின்றார்.

"பாய், நாளையில இருந்து கூட்டம் வர்ற நேரத்துல எல்லாரும் பாக்கற மாதிரி ஒண்ணு தின்னுடு. முடியாதுன்னா சொல்லு, வேற மாஸ்டரப் பாத்துக்கறேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த கிளாஸ். அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான், பாய் வயிறு நிஜமாகவே தாங்காது என்று முதலாளியிடம் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தினமும் ஒன்று தின்றாய். "நல்லாருக்குது, வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே தின்றாய். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போவாய். திரும்பி வந்ததும், "யோவ், ஒரு டீ போடு, சக்கர தூக்கலா" என்பாய். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் திரும்பி வந்தது. நீதான் இளைத்துக்கொண்டே போனாய். தருமபுரி டாக்டர் கோதுமையை அடியோடு விடச் சொன்னபோது உன் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. வேலையை விட்டுப் படுத்துவிட்டாய். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பார்க்க வந்தேன்.

"என்னய்யா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கற? உனக்கு அது ஒத்து வரல" என்றாய்.

நான் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சொல்ல வந்தது சொல்லாமலே போயிற்று. அடுத்த மழைக்கு நீ இல்லை.

"அவருக்கு வேற என்னவோ நோவுங்க, பரோட்டாவால இல்ல" என்கிறது உன் வூட்டம்மா. எனக்காகச் சொல்கிறது. அதுதான் பரோட்டாவை விடக் கெட்டியாக உள்ளே இறங்குகிறது.

இப்போது உன் பரோட்டாக் கல் முன்னால் நான்தான் நிற்கிறேன். கோதுமை ஆகாது என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை, சிரிப்பதும் இல்லை. அவர்களுக்கென்று கேழ்வரகு அடை தட்டிக் கொடுக்கிறேன். "கேழ்வரகுல இழுவை கெடையாதுய்யா, வீசினா போயிடும், தட்டத்தான் வேணும்" என்று நீ சொல்வாய். தெரியும். இருந்தாலும் நேற்று, அந்தப் போசி வாசனை ஞாபகத்தில், பரோட்டா மாதிரி ஒருமுறை வீசிப் பார்த்தேன்.

பாதி கையில் நின்றது. மீதி, டீ குடித்துக்கொண்டிருந்த அதே சேலம் பஸ் கண்டக்டரின் சட்டைப்பையில் போய் ஒட்டியது. அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், இத நீங்க தின்னுவீங்களா?" என்றார்.

வழித்து எடுத்து, எல்லாரும் பார்க்கத் தின்றேன். பச்சை மாவு. பையிலிருந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு டிக்கெட்டும் கூடவே உள்ளே போய்விட்டது. திருவண்ணாமலை வரைக்கும் போகிற டிக்கெட்.