வளைகாப்பன்று அணைத்த விளக்கு

அக்கா,

இன்று காலை காஸ் அடுப்புக்குப் புது ரப்பர் குழாய் மாட்டினோம். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் வில்லாபுரத்து வீடும், முந்தானையை இடுப்பில் செருகி நின்ற நீங்களும் கண்முன் வந்துவிட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தெருவிலேயே முதல் சிலிண்டர் நம் வீட்டுக்குத்தான் வந்தது. அத்தை பயந்துபோய் அடுப்படிப் பக்கமே வரவில்லை. நீங்களோ அதை மாட்ட வந்தவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டீர்கள். கசிந்தால் எப்படித் தெரியும், எங்கே போய்த் தங்கும், எதில் தீப்பிடிக்கும் என்று. வீட்டு மூத்த மருமகளுக்கு இம்புட்டு விசாரணை எதற்கென்று மாமா முணுமுணுத்தார்.

என் வளைகாப்பன்று வீடு நிறைய ஜனம். குத்துவிளக்கு அணையக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாதி வளையல் போட்டிருந்தபோது அடுப்படியிலிருந்து காஸ் நாற்றம் வந்தது. காற்று வந்தால் போய்விடுமென்று மாமா எழுந்து ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

“மாமா, சுவிட்சத் தொடாதீக.”

அவரிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. அதற்குள் நீங்கள் குனிந்து விளக்கின் திரிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி அணைத்துவிட்டீர்கள். நல்ல காரியத்தில் இப்படிச் செய்கிறாளே என்று மேலூர்ப் பெரியம்மா எல்லோர் காதிலும் விழவே சொன்னார்.

“விளக்கத் திரும்ப ஏத்திக்கலாம் பெரியம்மா. புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு மொதல்ல வெளிய போங்க.”

எல்லோரும் தெருவுக்கு வந்தோம். நீங்கள் மட்டும் உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, கொல்லைக் கதவையும் சன்னல்களையும் திறந்துவிட்டு வந்தீர்கள். உங்கள் தலை வாசலில் தெரிகிறவரை வயிற்றில் கைவைத்தபடி நின்றேன்.

மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடுப்போரம் நீளமாக வெடித்திருந்தது. மாமா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். விளக்கை அத்தை ஏற்றுவதுதான் நம் வீட்டு வழக்கம். அன்று மாமா தீப்பெட்டியை எடுத்து உங்களிடம் நீட்டினார்.

“நீயே ஏத்து தாயி.”

மேலூர்ப் பெரியம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். மீதி வளையல்களை நீங்கள்தான் எனக்குப் போட்டுவிட்டீர்கள்.

இப்போதெல்லாம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நேராக அடுப்படிக்குப் போய்விடுகிறேன். குழாயைத் தடவிப் பார்க்கிறேன், சன்னலைத் திறக்கச் சொல்கிறேன். வந்த இடத்தில் இவளுக்கென்ன அதிகாரம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும் அக்கா. நான் உங்கள் ஓரகத்தி.